அடியில் கிடக்கும் கோடு

அரூப ஓவியம் வரைய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். டியூபைப் பிதுக்கி, அகலத் தூரிகையால் இழுத்து, இரண்டு மணி நேரத்தில் கான்வாஸ் நிறைந்துவிடும். நிறைந்த பிறகுதான் ஏதோ குறைகிறது என்று தோன்றும். உடனே கறுப்பை எடுத்து மேலே நாலு கோடு. அந்த நாலும் சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி, அடியில் இருக்கும் எதோடும் சேராமல் நிற்கும். கோடு மோசமாக இருக்காது. வந்த நேரம்தான் தப்பு.

கோடு முதலில் போய் அடியில் கிடக்க வேண்டும். பரப்பு அதைப் பாதி மூட வேண்டும். மூடாத பாதியை நிறம் திருத்த வேண்டும். பிறகு தேவையென்றால் கோடு மறுபடி மேலே வரலாம். இந்தச் சுற்று மூன்று முறையோ முப்பது முறையோ நடக்கலாம். ஒவ்வொரு அடுக்கிலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எதைச் சேர்ப்பது என்பதைவிட, எதை மூடாமல் விடுவது என்பதுதான்.

இதைக் கண்ணால் பார்த்துக் கற்க அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபன்கார்னின் ஓஷன் பார்க் வரிசையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. கலிஃபோர்னியாவில் சான்டா மோனிகா நகரத்தின் ஓஷன் பார்க் பகுதியில் இருந்த ஸ்டுடியோவில் 1967-ல் தொடங்கி, ஏறக்குறைய இருபது வருஷம் வரைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்கள், எல்லாவற்றுக்கும் எண் மட்டும்தான் பெயர். பல படங்கள் ஆள் உயரத்தைத் தாண்டுபவை, எட்டடிக்கு ஆறே முக்காலடி போல. எண்ணெய் வண்ணம், கூடவே கரிக்கட்டி. தூரத்தில் நின்றால் வெளிர்நீலம், பச்சை, மஞ்சள் என அமைதியான கட்டங்கள். கிட்டே போனால் நிலைமை வேறு. வெளிர்நீலத்துக்கு அடியில் பழைய கோடு ஒன்று சாம்பல் நிழலாகத் தெரியும். அதற்கு இரண்டு விரற்கடை தள்ளிப் புதுக் கோடு. இரண்டுக்கும் நடுவே துணியால் தேய்த்த தடம், பக்கத்தில் வழிந்து காய்ந்த சொட்டு. திருத்தியதை அவர் மறைக்கவில்லை. நிறம் அவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் அடியில் உள்ளது பேசுகிறது. கெட்டியாகப் பூசியிருந்தால் அந்தப் பழைய கோடுகள் போட்டதே வீண்.

இனி செய்முறை. 24க்கு 30 அங்குலக் கான்வாஸ், அக்ரிலிக் வண்ணம் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய்க்கு வேறு விதி, பின்னால் வருகிறேன்.

அடித்தளம்

கடையில் வாங்கும் ரெடிமேட் கான்வாஸில் ஜெஸ்ஸோ எனப்படும் வெள்ளை அடிப்பூச்சு பூசித்தான் இருக்கும், ஆனால் மலிவு ரகங்களில் அது பேருக்குத்தான். மேலே இன்னும் இரண்டு பூச்சு கொடுங்கள். முதல் பூச்சில் நாலு பங்கு ஜெஸ்ஸோவுக்கு ஒரு பங்கு தண்ணீர், கெட்டி மோர் பதம். இந்த அளவுக் கான்வாஸுக்கு ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 50 மில்லி போதும். முதல் பூச்சு கிடைவாட்டில், அடுத்தது நெடுவாட்டில். நடுவே நன்றாகக் காயவிட்டு 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும்.

எவ்வளவு வழவழப்பு வேண்டும் என்பதை இங்கேயே முடிவுசெய்யுங்கள். கரிக்கோடு பிடிக்க சொரசொரப்பு வேண்டும். கிளேஸ் எனப்படும் கண்ணாடிப் பூச்சு சீராக ஓட வழவழப்பு வேண்டும். இரண்டும் ஒரே கான்வாஸில் வேண்டுமென்றால், ஒரு பகுதியை 400 நம்பர் வரை தேய்த்துவிட்டு இன்னொரு பகுதியை அப்படியே விட்டுவிடலாம். ஒரே நிறத்தைப் பூசினாலும் இரண்டு பகுதியும் வேறு வேறு மாதிரி வெளிச்சம் வாங்கும்.

சொரசொரப்புக்காக ஜெஸ்ஸோவில் பொடி கலக்குகிறவர்கள் உண்டு. மார்பிள் பொடி நல்லது, 100 மில்லிக்கு இரண்டு டீஸ்பூன் வரை. அதற்கு மேல் போனால் பொடியைப் பிடித்து வைக்கப் பசை போதாது. காய்ந்ததும் விரல் பட்டால் உதிரும். கோலமாவு கலக்கலாமா என்றால், வெறும் கல்மாவு என்றால் சோதனைப் படங்களுக்குப் பரவாயில்லை. அரிசிமாவு கலந்தது என்றால் தொடவே கூடாது, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், பூச்சி வரும். சந்தேகமிருந்தால் ஒரு ஸ்பூன் மாவைத் தண்ணீரில் கொதிக்கவிடுங்கள். கஞ்சியாகக் கெட்டிப்பட்டால் அதில் அரிசி இருக்கிறது.

வால் புட்டியைக் கான்வாஸில் அப்புவது இப்போது பரவலாக நடக்கிறது. விலை குறைவு, கனமான டெக்ஸ்சர் உடனே கிடைக்கும், வீடியோவில் அழகாகவும் இருக்கும். ஆனால் அது சிமென்ட் சார்ந்த கெட்டிப் பொருள். கான்வாஸ் துணியோ காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தளர்ந்தும் இறுகியும் போகும். துணி அசையும், புட்டி அசையாது, விரிசல் விடும். புட்டிதான் வேண்டுமென்றால் கெட்டிப் பலகையில் போடுங்கள். கான்வாஸுக்கு அக்ரிலிக் மாடலிங் பேஸ்ட், அதையும் ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டருக்கு மிஞ்சாமல். தடிமனாக அப்பினால் மேல்தோல் முதலில் காய்ந்து இழுக்கும், உள்ளே ஈரம் இருக்கும், வாய் பிளக்கும்.

கோடு நாலு வகை

முதல் கோட்டுக்குக் கொடிக்கரி எனப்படும் மென்கரி நல்லது. துணியால் தட்டினாலே பாதி போய்விடும், மிச்சம் நிழலாக நிற்கும். அந்த நிழல்தான் நமக்கு வேண்டியது. அழுத்தமான கட்டிக்கரி அவ்வளவு எளிதில் போகாது. பென்சில் கோடு வெளிர்நிறத்துக்கு அடியில் பளபளவென்று ஈயம் மாதிரித் தெரியும், அது பிடித்தால் போடலாம். பால்பாயின்ட், ஸ்கெட்ச் பேனா இரண்டும் வேண்டாம். அவற்றின் சாயம் மேலே வரும் ஒவ்வொரு அடுக்கிலும் கசிந்து ஏறும். மூன்று முறை வெள்ளை அடித்தாலும் ஊதா நிறத்தில் எட்டிப் பார்க்கும்.

கரிமேல் நேராகத் தூரிகை போட்டால் வெள்ளை அழுக்காகும். அதற்குத்தான் ஃபிக்ஸட்டிவ், கரியைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரே. 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, லேசாக இரண்டு தடவை, நடுவில் காயவிட்டு. ஹேர் ஸ்பிரே வேண்டாம், நாள்பட மஞ்சளாகும். ஆனால் சில இடங்களில் ஃபிக்ஸ் பண்ணாமலே விட்டு, ஈர வெள்ளையோடு கரி கலந்து வரும் சாம்பலை வேண்டுமென்றே எடுத்துக்கொள்ளலாம். டியூபிலிருந்து வரும் சாம்பல் நிறத்தில் அந்த உயிர் இருக்காது.

மேலே போடும் கோடு, கீறி எடுக்கும் கோடு, இரண்டு நிறம் முட்டும் இடத்தில் தானாகப் பிறக்கும் கோடு, இரண்டு நிறத்துக்கு நடுவே மூடாமல் விடும் கோடு. நாலில் முதல் வகைதான் எல்லோருக்கும் கை பழகியது. பலமற்றதும் அதுதான்.

கீறும் கோட்டுக்கு நேரம் முக்கியம். அக்ரிலிக்கில் ஐந்திலிருந்து பத்து நிமிஷம். மே மாத வெயிலில் ஃபேனுக்கு அடியில் என்றால் இரண்டு நிமிஷம்கூடக் கிடைக்காது. தாமதித்தால் கோட்டுக்குப் பதில் தோல் உரிந்து வரும். காலத்தை நீட்ட ரிடார்டர் சேர்க்கலாம், ஆனால் பாட்டிலில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் படம் நாள்கணக்கில் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும். தூரிகையின் பின்முனை, ஐஸ்கிரீம் குச்சி, பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பு என எதிலும் கீறலாம். கூர்மையான ஆணி வேண்டாம், ஜெஸ்ஸோவைக் கிழித்துத் துணிவரை போகும்.

விட்ட கோட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் படத்தின் மூச்சு அங்கேதான் இருக்கிறது. அடியில் ரா சியன்னா என்ற மண்மஞ்சளை நீர்க்கப் பூசிக் காயவிட்டாயிற்று என்று வையுங்கள். அதன்மேல் இடப்பக்கம் ஒரு சாம்பல் நீலம்: டைட்டானியம் வெள்ளை பத்துப் பங்கு, அல்ட்ராமரின் ஒரு பங்கு, பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு துளி. பதம் தோசைமாவு. ஒரு அங்குலத் தட்டைத் தூரிகையில் அள்ளி, விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே வைத்து, மெதுவாக விளிம்பை நோக்கித் தள்ளி, பிறகு கீழ்நோக்கி ஒரே இழுப்பு. மணிக்கட்டு அசையக் கூடாது, தோளிலிருந்து கை வர வேண்டும். காய்ந்ததும் வலப்பக்கத்து நிறத்தை எதிர்த்திசையில் கொண்டுவந்து, நீலத்தைத் தொடாமல் 2, 3 மில்லிமீட்டர் விட்டு நிறுத்துங்கள். நடுவே சியன்னா ஒரு சூடான இழையாக நிற்கும். அதை யாரும் வரையவில்லை, ஆனால் படத்தில் மிக உறுதியான கோடு அதுதான். ஒரு இடத்தில் நூல் அளவு ஒடுங்கி, ஒரு இடத்தில் அரை விரல் அகலமாகி, ஓரிடத்தில் இரண்டு நிறமும் முட்டி அது காணாமலே போய் மறுபடி வெளிவந்தால் இன்னும் நல்லது. முழு நீளமும் ஒரே அகலம் என்றால் தண்டவாளம்.

மாஸ்கிங் டேப் போட்டு இதைச் செய்யலாம். நேராக வரும். டேப்பின் விளிம்புக்கு அடியில் வண்ணம் கசியாமல் இருக்க, முதலில் நிறமில்லாத மேட் மீடியத்தை அந்த விளிம்பில் தடவிக் காயவிட வேண்டும். கசிந்தால் மீடியம் கசியும், தெரியாது. வண்ணம் முழுக்கக் காய்வதற்குள், டேப்பை 45 டிகிரிக்கு மடக்கி மெதுவாக உரிக்க வேண்டும். ஆனால் படம் முழுக்க டேப் கோடுகள் இருந்தால் கையே இல்லாத படம் போல ஆகிவிடும். ஒன்றிரண்டு போதும்.

பரப்பு

தூரிகையின் மேடு பள்ளங்கள் அடுத்த அடுக்கிலும் தெரியும். அடியில் போட்ட தடித்த கோட்டின் வரப்பு, மூன்று அடுக்கு தாண்டியும் பக்கவாட்டு வெளிச்சத்தில் நிற்கும். பலர் இதைக் கவனிக்காமல், நிறத்தால் மூடிவிட்டோம் என்று நினைக்கிறார்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் கான்வாஸின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். மறைத்ததாக நினைத்த எல்லாம் வெளியே வந்துவிடும்.

வேண்டாத வரப்பை எடுக்க, கார் பெயின்டர்கள் வைத்திருக்கும் வாட்டர் பேப்பர், 400 நம்பர். அக்ரிலிக் காய்ந்து ஒரு நாளாவது ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் தேய்க்கும் சூட்டில் இளகி உருண்டையாகத் திரளும். தண்ணீர் தொட்டு, வட்டமாக, அழுத்தாமல், துணிக்குப் பின்னால் ஒரு அட்டையைக் கொடுத்துத் தேய்க்க வேண்டும். அட்டை இல்லாவிட்டால் மரச்சட்டத்தின் விளிம்பு அப்படியே படத்தில் பதியும். காட்மியம் நிறம் உள்ள படத்தை உலர்வாகத் தேய்க்கவே கூடாது, தூசி நஞ்சு. தேய்க்கும்போது அடி அடுக்குகள் ஆங்காங்கே வெளிப்படும். சில சமயம் அங்கேயே நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்துங்கள்.

பரப்பை வைத்தே ஒரு வாழ்நாள் வேலை செய்தவர் இந்திய அரூப ஓவியர் வி.எஸ். கைத்தொண்டே. 1924-ல் பிறந்து 2001-ல் மறைந்தவர், பின்னாளில் டெல்லியில் வசித்தவர். ரோலரும் பேலட் கத்தியும் அவருடைய கருவிகள். கிழித்த காகிதத் துண்டுகள் மூலம் வண்ணத்தைக் கான்வாஸுக்கு மாற்றுவது அவர் கையாண்ட முறைகளில் ஒன்று. தூரிகையால் வராத ஒரு விளிம்பு அதில் வரும், பாசி படிந்த சுவர் போல. வருஷத்துக்கு ஒரு சில ஓவியங்களுக்கு மேல் அவர் முடித்ததில்லை. அந்தப் படங்களின் ஆழத்தைப் பார்த்தால் காரணம் புரியும். இதைச் சின்ன அளவில் பழக, செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை ஒட்டும். வெள்ளை டிரேசிங் தாளைக் கையால் கிழித்து, ஒரு பக்கம் வண்ணம் தடவி, கவிழ்த்து, ரோலரால் ஒரே தடவை உருட்டி உடனே எடுத்துவிட வேண்டும். அக்ரிலிக்கில் ஒரு நிமிஷம் தாமதித்தாலும் காகிதம் அங்கேயே குடியிருந்துவிடும்.

நிறம்

டியூபின் பின்பக்கம் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். வெறும் சதுரம் என்றால் ஒளி ஊடுருவும், பாதி நிரம்பியது பாதி ஊடுருவும், முழுக்கக் கறுப்பு என்றால் மூடும். நிறத்தின் பெயரைவிட இந்தச் சதுரம் முக்கியம். தேலோ நீலம், குவினாக்ரிடோன் சிவப்பு, நிக்கல் அசோ மஞ்சள் எல்லாம் ஊடுருவுபவை. டைட்டானியம் வெள்ளையும் காட்மியம் வகைகளும் மூடுபவை. அடியில் மூடுபவை, மேலே ஊடுருவுபவை என்பது பொதுவான வரிசை. திருப்பிப் போடுவதும் உண்டு: அடர்ந்த நிறத்துக்கு மேல், கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையில் வெளிர் மூடுநிறத்தை எடுத்து உரசினால், அடிநிறம் புகைக்குள் தெரிவது போல் ஒரு குளிர்ச்சி வரும்.

கிளேஸுக்கு ஒரு பங்கு வண்ணம், பத்துப் பங்கு கிளேஸிங் மீடியம். தேலோ நீலம் மாதிரி ஆளை விழுங்கும் நிறத்துக்கு இருபது பங்கு. வெறும் தண்ணீரில் இந்த அளவு நீர்க்கக் கூடாது. பசை மெலிந்து, திட்டுத்திட்டாகத் தேங்கி, அடுத்த பூச்சு ஈரத்தில் கிளம்பி வரும் ஆபத்து உண்டு. மெல்லிய மூன்று கிளேஸ், தடித்த ஒன்றைவிட ஆழமாகத் தெரியும். வெளிச்சம் உள்ளே போய், அடியில் உள்ள வெள்ளையில் பட்டு, மறுபடி நிறத்தைக் கடந்து வெளியே வருகிறது. தடித்த பூச்சில் அது உள்ளேயே சிக்கிவிடும். ஈரமாக இருக்கும்போது பசை பால் போல இருப்பதால் நிறம் வெளிறித் தெரியும், காய்ந்ததும் ஒரு படி அடர்ந்துவிடும். கலந்த நிறத்தை அட்டைத் துண்டில் தடவி ஹேர் டிரையரில் காயவைத்துப் பார்த்துவிட்டுத்தான் கான்வாஸுக்குப் போக வேண்டும்.

சேறு என்று சொல்வோமே, அந்த மண்நிறம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். ஆரஞ்சு ஈரமாக இருக்கும்போதே நீலம் ஏறினால் இரண்டும் ஒன்றின் ஒளியை மற்றது விழுங்கிவிடும். ஆரஞ்சு காய்ந்த பிறகு நீலக் கிளேஸ் போனால் சாம்பலான, ஆனால் உள்ளே கங்கு இருக்கிற நிறம் கிடைக்கும். பொருள் ஒன்றுதான், நடுவில் அரைமணி நேரம்தான் வித்தியாசம்.

நிலைக்காத நிறத்தைக் கிளேஸில் போடாதீர்கள். மெல்லிய பூச்சில் நிறமி குறைவு, அதனால் அதுதான் முதலில் வெளிறும். அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக வரைந்த பெரிய சுவரோவியங்கள் 1964-ல் ஒரு சாப்பாட்டு அறையில் வைக்கப்பட்டன. லித்தோல் சிவப்பு கலந்திருந்ததால், ஜன்னல் வெயிலில் சிவப்பு போய், கடைசியில் 1979-ல் கழற்றி உள்ளே வைக்க வேண்டியதாயிற்று. பழைய அலிசரின் கிரிம்சனும் நம்பத் தகுந்ததில்லை, அந்த இடத்துக்குக் குவினாக்ரிடோன் போதும்.

எண்ணெயில் என்றால்

எண்ணெய் வண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது. அதனால் கீழே எண்ணெய் குறைவு, மேலே போகப் போக அதிகம். முதல் அடுக்கு டர்பன்டைனோடு மட்டும், அடுத்தது மூன்று பங்கு டர்பன்டைனுக்கு ஒரு பங்கு ஆளிவிதை எண்ணெய், கடைசியில் பாதிப் பாதி. மாற்றிப் போட்டால் மேல்தோல் இறுகிய பிறகும் கீழே அசைந்துகொண்டிருக்கும், விரிசல் நிச்சயம். அம்பர் சீக்கிரம் காயும், ஐவரி பிளாக் தாமதம். கறுப்பைத் தடிமனாக அடியில் போட்டு மேலே அம்பர் பூசுவது அதே விதியை வேறு வழியில் மீறுவது. எண்ணெயில் ஜிங்க் வெள்ளையும் வேண்டாம், வருஷங்கள் போனால் நொறுங்கும்.

அக்ரிலிக் மேல் எண்ணெய் போடலாம். எண்ணெய் மேல் அக்ரிலிக் ஒருபோதும் இல்லை, உரிந்துவிடும். ஆயில் பாஸ்டலும் அப்படித்தான்: அது முழுக்கக் காய்வதே இல்லை, மேலே போடும் அக்ரிலிக் அதன்மீது நிற்காமல் விலகும். அந்த விலகலையே கோடாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், காகிதத்தில் அழகாக வரும், நீடிக்காது.

டர்பன்டைனை ஹார்ட்வேர் கடையில் வாங்கினால் ஒரு சொட்டை வெள்ளைத்தாளில் விட்டுப் பாருங்கள். ஆவியான பிறகு கறை நின்றால் படத்துக்கு ஆகாது, தூரிகை கழுவ வைத்துக்கொள்ளலாம். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

தமிழக ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் பாதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களால் அறியப்பட்டவர், பிறகு பேலட் கத்தியால் எண்ணெய் வண்ணத்தைப் பாளம் பாளமாகப் போட்ட அரூபப் படங்களுக்குப் போனார். கோட்டை விட்டுவிட்டார் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு பாளம் முடிந்து அடுத்தது தொடங்கும் விளிம்பைப் பாருங்கள், கத்தி நின்ற இடத்தில் அதே கை தெரியும்.

படம் முடிந்த பின் வார்னிஷ். அடுக்கு அடுக்காக வேலை செய்த படத்தில் ஒரு இடம் மங்கலாகவும் ஒரு இடம் பளபளப்பாகவும் இருக்கும். அந்த வேறுபாடு வேண்டியதென்றால் முழுவதையும் பளபளப்பு வார்னிஷால் அடித்து அழித்துவிடாதீர்கள், மேட் அல்லது சாட்டின் ரகத்தை மெல்லியதாகக் கொடுங்கள். அக்ரிலிக்குக்கு இரண்டு வாரம் காத்திருந்தால் போதும், எண்ணெய்க்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம். மழைக்காலத்தில் வெளிச்சுவரில் ஒட்டினாற்போல் மாட்ட வேண்டாம். சட்டத்தின் பின்பக்கம், கீழ் இரண்டு மூலையிலும் ஆளுக்கொரு கார்க் துண்டை ஒட்டினால் காற்று போக வழி கிடைக்கும், துணியின் முதுகில் பூஞ்சை பிடிக்காது.